ஏழாண்டுப் போர் (1756–1763): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் எங்கள் ஊரைப் பற்றி வந்தது ஒரே ஒரு வரி: 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்தனர். அவர்கள் ஏன் சார் இங்கே வந்து அடித்துக்கொண்டார்கள் என்று வாத்தியாரிடம் கேட்டேன். வியாபாரப் போட்டி என்றார். அது பாதிப் பதில். மீதிப் பாதி வட அமெரிக்காவில் ஓர் ஆற்றுப் படுகையிலும், இன்றைய போலந்தில் இருக்கும் ஒரு மாகாணத்திலும் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்களும் வீட்டுப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏழாண்டுப் போர் என்பது எது? யார் யார் எந்தப் பக்கம்?

1756 முதல் 1763 வரை ஐரோப்பிய வல்லரசுகள் இரண்டு அணியாகப் பிரிந்து மோதிய போர். ஒரு பக்கம் பிரிட்டன், வட ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யா, ஹானோவர், சில சிறிய ஜெர்மன் அரசுகள், கடைசிக் கட்டத்தில் போர்ச்சுகல். மறுபக்கம் பிரான்ஸ், ஆஸ்திரியா, ரஷ்யா, ஸ்வீடன், சாக்சனி, 1762இல் ஸ்பெயின். ஐரோப்பாவில் மட்டுமின்றி கனடா, கரீபியன் தீவுகள், மேற்கு ஆப்பிரிக்கா, வங்காளம், சோழமண்டலக் கடற்கரை, பிலிப்பைன்ஸ் வரை சண்டை நடந்தது. இதைத்தான் முதல் உலகப்போர் என்று சொல்லவேண்டும் என்பார் சர்ச்சில்.

உள்ளே இருந்தவை இரண்டு தனித்தனிச் சண்டைகள். கடலும் குடியேற்றங்களும் யாருக்கு என்று பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும். சைலீசியா மாகாணம் யாருக்கு என்று பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும். இரண்டு வழக்கு சேர்ந்து ஒரே கோர்ட்டுக்கு வந்ததுபோல ஆகிவிட்டது. கூட்டாளிகள் ஒருவரோடு ஒருவர் கைகோத்து நின்றாலும் அவரவர் தங்கள் தங்கள் வழக்கைத்தான் நடத்தினார்கள். போரில் புரியாமல் தெரிகிற பல விஷயங்களுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1754லேயே சண்டை தொடங்கிவிட்டதாமே?

ஆமாம். ஒஹையோ ஆற்றுப் படுகையைப் பிரான்ஸும் பிரிட்டனும் ஒருசேர உரிமை கொண்டாடின. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகளின் உரிமையை இருவருமே பொருட்படுத்தவில்லை. 1754 மே 28 அன்று வர்ஜீனியாப் படையின் 22 வயது அதிகாரி ஒருவர், பூர்வகுடித் தலைவர் தனகாரிசனின் ஆட்களோடு போய் ஒரு சிறு பிரெஞ்சுக் குழுவைத் தாக்கினார். அதன் தலைவர் ஜுமோன்வீல் கொல்லப்பட்டார். ஒரு மாதம் கழித்துப் பிரெஞ்சுப்படை திருப்பி வந்து அந்த இளைஞரை ஒரு மரக்கோட்டையில் வளைத்தது. கொட்டும் மழை, இரவு நேரம். சரணடையும் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். ஜுமோன்வீலைக் கொலை செய்ததாக ஒப்புக்கொள்ளும் வாசகம் அதில் இருந்தது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த இளைஞர்தான் ஜார்ஜ் வாஷிங்டன், பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி.

பரம்பரைப் பகையாளிகள் எப்படிக் கூட்டாளிகள் ஆனார்கள்?

என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் சுவாரசியமான பகுதி இதுதான்.

1740இல் ஆஸ்திரியாவில் மரியா தெரசா பட்டத்துக்கு வந்தார். வயது 23. அந்த டிசம்பரிலேயே பிரஷ்யாவின் புது ராஜா இரண்டாம் ஃபிரெடரிக் படையோடு சைலீசியாவுக்குள் நுழைந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். நெசவுக்குப் பேர்போன, நல்ல வரி வருமானம் தரும் மாகாணம் அது. எட்டு வருடம் நடந்த அந்தப் போரில் ஆஸ்திரியாவுக்குத் துணை பிரிட்டன், பிரஷ்யாவுக்குத் துணை பிரான்ஸ். 1748 சமாதானத்தில் சைலீசியா ஃபிரெடரிக்கிடமே தங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர் 1746இல் பிடித்திருந்த மெட்ராஸும் அந்தச் சமாதானத்தில்தான் பிரிட்டனுக்குத் திரும்பியது. அதற்குப் பதிலாகப் பிரான்ஸ் வாங்கிக்கொண்டது கனடாக் கடற்கரையில் இருந்த லூயிபர்க் கோட்டையை.

மரியா தெரசா சைலீசியாவை மறக்கவே இல்லை. அவருடைய மந்திரி கௌனிட்ஸ் ஒரு கணக்குப் போட்டார்: பிரிட்டன் நமக்காக சைலீசியாவை மீட்டுத் தராது, ஆகவே நம் பழைய எதிரி பிரான்ஸைத்தான் நம் பக்கம் இழுக்கவேண்டும். ஆஸ்திரிய ராஜகுடும்பத்துக்கும் பிரெஞ்சு அரியணைக்கும் இரண்டரை நூற்றாண்டுப் பகை. பாரிஸுக்குத் தானே தூதராகப் போய் கௌனிட்ஸ் முயன்றும் முதலில் காரியம் நடக்கவில்லை.

நடத்திக் கொடுத்தது பிரிட்டனின் பயம். பிரிட்டிஷ் ராஜா இரண்டாம் ஜார்ஜ், ஜெர்மனியில் ஹானோவருக்கும் அதிபதி. அமெரிக்காவில் சண்டை முற்றினால் பிரான்ஸ் ஹானோவரைப் பிடித்துவிடும் என்று லண்டன் பயந்தது. அதைக் காக்க ரஷ்யாவுக்குப் பணம் கொடுக்க 1755இல் ஒப்பந்தம் போட்டது. ரஷ்யப் படை தன் மேல் பாய்ந்துவிடுமே என்று ஃபிரெடரிக் பயந்தார். 1756 ஜனவரி 16இல் அவரே பிரிட்டனோடு வெஸ்ட்மின்ஸ்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கூட்டாளியான பிரான்ஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெர்சாயில் பிரெஞ்சு அரசவை கொதித்தது. அந்த மே 1ஆம் தேதியே பிரான்ஸும் ஆஸ்திரியாவும் தற்காப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. ரஷ்யப் பேரரசி எலிசபெத்துக்கு ஃபிரெடரிக்கை ஏற்கெனவே பிடிக்காது, அவரும் அந்தப் பக்கமே சேர்ந்தார்.

ஒவ்வொருவரும் பயத்தில் ஓர் அடி எடுத்து வைத்தார்கள், அந்த அடி அடுத்தவரைப் பயமுறுத்தியது. நாலைந்து மாதத்தில் ஐரோப்பாவின் அணிகள் தலைகீழாகிவிட்டன. இதை ராஜதந்திரப் புரட்சி என்று அழைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் முதலில் கைவைத்தது யார்?

ஃபிரெடரிக். மூன்று பக்கமும் எதிரிகள் சேர்வதைப் பார்த்து, அவர்கள் தயாராகும் முன் முந்திக்கொள்ள நினைத்து, 1756 ஆகஸ்ட் 29இல் நடுவில் இருந்த சாக்சனிக்குள் புகுந்தார். அக்டோபரில் சாக்சனிப் படை சரணடைந்தது. அந்தச் சிப்பாய்களைக் கூண்டோடு தன் படையில் சேர்த்து, சீருடை மாற்றி, விசுவாசப் பிரமாணம் எடுக்கவைத்தார். அவர்களில் பெரும்பாலோர் அடுத்த வருடத்துக்குள் ஓடிப்போய்விட்டார்கள். ஒருவனை அடித்துக் கூட்டாளியாக்க முடியாது என்று அவருக்கு அப்போதாவது புரிந்திருக்கவேண்டும். ஏழு வருடமும் சாக்சனியின் பணத்தையும் தானியத்தையும் சுரண்டித்தான் அவர் போரை நடத்தினார். அந்த நாட்டு ஜனங்கள் பட்ட பாட்டுக்குப் போர்க்கதைகளில் இடமே கிடைப்பதில்லை.

சிறிய பிரஷ்யா எப்படித் தாக்குப்பிடித்தது?

பாதி ஃபிரெடரிக்கின் திறமை, பாதி எதிரிகளின் ஒற்றுமையின்மை.

திறமைக்குச் சாட்சி 1757. அந்த ஜூனில் கோலின் என்ற இடத்தில் ஆஸ்திரியத் தளபதி டவுன் அவரைத் தோற்கடித்தார், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தார்கள். நவம்பர் 5இல் ராஸ்பாக்கில் சுமார் 22,000 பேரோடு, ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்த பிரெஞ்சு–ஜெர்மன் கூட்டுப்படையை ஒன்றரை மணி நேரத்தில் சிதறடித்தார். சரியாக ஒரு மாதம் கழித்து லாய்த்தனில் ஆஸ்திரியர். அங்கே வடக்கே தாக்குவதுபோல் போக்குக் காட்டி, தாழ்வான குன்றுகளின் மறைவில் மொத்தப் படையையும் தெற்கே நடத்திக் கொண்டுபோய் எதிரியின் இடது விலாவில் அடித்தார். போர்ப் பயிற்சிக் கல்லூரிகளில் இன்றும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒற்றுமையின்மைக்குச் சாட்சி 1759 ஆகஸ்ட் 12, கூனர்ஸ்டார்ஃப். ரஷ்யரும் ஆஸ்திரியரும் ஒரே களத்தில் சேர்ந்து நின்றபோது ஃபிரெடரிக் தலைகுப்புற விழுந்தார். சுமார் 50,000 பேரில் 19,000 பேர் வரை போயினர். அவர் ஏறியிருந்த இரண்டு குதிரைகள் செத்தன. ஒரு குண்டு அவர் சட்டைப்பையில் இருந்த பொடி டப்பாவில் பட்டு நின்றதால் உயிர் தப்பினார். 48,000 பேரில் 3,000 பேர்கூட என்னிடம் மிச்சமில்லை என்று அன்று இரவு மந்திரிக்கு எழுதினார். பெர்லின் திறந்து கிடந்தது.

ஆனால் யாரும் பெர்லினுக்குப் போகவில்லை. இவ்வளவு ரத்தம் நாங்கள் சிந்தியாயிற்று, இனி உங்கள் முறை என்று ரஷ்யத் தளபதி சால்டிகோவ் நினைத்தார். ஆஸ்திரியருக்கு வேண்டியதோ சைலீசியா. இரண்டு படையும் ஆளுக்கொரு திசையில் நகர்ந்தன. பிராண்டன்பர்க் வம்சத்தின் அற்புதம் என்று ஃபிரெடரிக் தன் தம்பிக்கு எழுதியது இதைத்தான். இதில் அற்புதம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சைலீசியாவுக்காகச் சாக ரஷ்ய விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு எந்த முகாந்திரமும் இல்லை, அது அவன் தளபதிக்கும் தெரிந்திருந்தது.

பிரிட்டனின் பங்கு என்ன? பணம் மட்டும்தானா?

பெரும்பாலும் பணமும் கப்பலும். 1758 முதல் ஃபிரெடரிக்குக்கு ஆண்டுக்கு 6,70,000 பவுண்டு கொடுத்தது. பிரான்ஸின் படைகளை ஜெர்மனியிலேயே கட்டிப்போட்டுவிட்டால் வெளியே குடியேற்றங்களைப் பறிக்கலாம் என்பது மந்திரி வில்லியம் பிட்டின் திட்டம். ஆரம்பம் மோசம்தான். 1756இல் மினோர்கா தீவு கைவிட்டுப் போனது, அதற்காகத் தங்கள் அட்மிரல் பிங்கையே கப்பல் மேல்தளத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். 1759 எல்லாவற்றையும் மாற்றியது. கரீபியனில் சர்க்கரைத் தீவான குவாதலூப், செப்டம்பரில் குவிபெக், நவம்பர் 20இல் புயலுக்கு நடுவே கிபரோன் விரிகுடாவில் பிரெஞ்சுக் கடற்படை. குவிபெக் சண்டையில் இரு பக்கத் தளபதிகளான உல்ஃபும் மோன்காமும் காயம்பட்டு இறந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 8இல் மான்ட்ரியால் சரணடைய, கனடா முடிந்தது.

கிபரோன் நமக்கும் முக்கியம். அதற்கப்புறம் புதுச்சேரிக்குப் பெரிய உதவி வரும் வழி அடைபட்டுப்போனது.

சரி, நம் ஊருக்கு இந்தப் போர் எப்படி வந்தது?

கப்பலில் வந்தது. வங்காளத்தில் கிளைவ் 1757 மார்ச்சில் பிரெஞ்சுக்காரரின் சந்தர்நகரைப் பிடித்தார், மூன்று மாதம் கழித்து பிளாசி. இங்கே 1758 ஏப்ரல் 28இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு புதுச்சேரியில் இறங்கினார். அயர்லாந்து வம்சாவளி, தைரியசாலி, பொறுமை துளியும் கிடையாது. இந்த மண்ணைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்தவர் பேச்சைக் கேட்கும் குணமும் இல்லை.

இறங்கியதும் கடலூர் மீது பாய்ந்தார். சாமான் தூக்க ஆள் வேண்டும், வண்டிமாடு வேண்டும், எதுவும் தயாராக இல்லை. புதுச்சேரித் தெருக்களில் கிடைத்தவர்களை எல்லாம் பிடித்துச் சுமை ஏற்றினார். ஜனங்கள் அன்றே அவரை வெறுத்துவிட்டார்கள். தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை ஜூன் 2இல் விழுந்தது, அதை இடித்துத் தள்ளினார்.

அப்புறம் காசு தீர்ந்தது. தஞ்சாவூர் ராஜா பிரதாபசிங் எப்போதோ எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரம் ஒன்று இருந்தது. அதை வசூலிக்கக் கிளம்பினார். வழியில் நாகூரைச் சூறையாடினார்கள். கீவளூரில் கோயிலைக் கைப்பற்றி, ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்ட அந்தணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சைக் கோட்டையைச் சில நாள் அடித்துப் பார்த்தார். வெடிமருந்து தீர்ந்து, ஆங்கிலக் கப்பல்கள் காரைக்கால் பக்கம் வந்துவிட்ட செய்தியும் சேர, ஆகஸ்டில் வெறுங்கையோடு பின்வாங்கினார்.

டிசம்பரில் மெட்ராஸ் முற்றுகை. ஜார்ஜ் கோட்டைக்குள் கவர்னர் பிகட்டும் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸும் தாக்குப்பிடித்தார்கள். வெளியே செங்கல்பட்டுப் பக்கமிருந்து யூசுப் கான், அதாவது மருதநாயகம், பிரெஞ்சுக்காரரின் சரக்கு வழிகளை விடாமல் அறுத்துக்கொண்டிருந்தார். 1759 பிப்ரவரி 16இல் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும், மறுநாளே லாலி பீரங்கிகளையும் நோயாளிகளையும் விட்டுவிட்டுப் போனார்.

ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இப்படி உழைத்த மருதநாயகத்தை, 1764 அக்டோபரில் அதே கம்பெனியும் அதன் கூட்டாளி ஆற்காடு நவாபும் மதுரையில் தூக்கிலிட்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வந்தவாசியில் உண்மையில் என்ன நடந்தது?

1759 கடைசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். மீட்க லாலி வந்தார். 1760 ஜனவரி 22 காலையில், கோட்டைக்கு வெளியே இருந்த வெளியில் மோதினார்கள். இரண்டு பக்கமும் ஐரோப்பியர் தலா 2,000 பேர் அளவில், கூடவே சிப்பாய்களும் குதிரைப்படையும். லாலி கூட்டி வந்த மராட்டியக் குதிரைப்படை களத்தில் இறங்காமல் ஒதுங்கி நின்றது. பிரெஞ்சு அணியின் இடது முனை ஓர் ஏரிக்கரையை அரணாக வைத்திருந்தது. அங்கே நின்ற வெடிமருந்து வண்டி ஒன்றின் மேல் குண்டு விழுந்து வெடித்தது. சுற்றி நின்றவர்கள் செத்தும் கருகியும் விழ, மற்றவர்கள் இடத்தை விட்டு ஓடினார்கள். அந்த ஓட்டையில் கூட் ஆட்களை அனுப்பினார். அதை அடைக்க வந்த புஸ்ஸி பிடிபட்டார். ஹைதராபாத்தில் பல வருடம் பிரெஞ்சுச் செல்வாக்கைத் தனியாளாக நிலைநிறுத்தியவர் அவர். லாலிதான் பிடிவாதமாக அவரை அங்கிருந்து வரவழைத்திருந்தார். மதியத்துக்குப் பின் எல்லாம் முடிந்தது.

இன்று பாய்க்குப் பேர்போன ஊராகத்தான் வந்தவாசியைத் தெரியும். ஏரிக்கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த மருந்து வண்டி ஞாபகம் வரும்.

புதுச்சேரி எப்படி விழுந்தது?

பசியால். கூட் ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டு வந்து 1760 செப்டம்பரில் நகரை நெருக்கினார், கடலில் ஆங்கிலக் கப்பல்கள். நவம்பர் கடைசியில், உணவு போதவில்லை என்று, நகரில் மிச்சமிருந்த உள்ளூர்வாசிகள் சுமார் 1,400 பேரை லாலி வெளியே துரத்தினார். ஆண், பெண், பிள்ளைகள். ஆங்கிலக் காவல் வரிசை அவர்களைப் போகவிடவில்லை. திரும்பிக் கோட்டைக்குப் போனால் பிரெஞ்சுக்காரர் சுட்டார்கள். இரண்டு படைக்கும் நடுவே கிடந்த நிலத்தில், கிழங்கையும் புல்வேரையும் தோண்டித் தின்றுகொண்டு ஒரு வாரம் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் கூட் வழி விட்டார். இந்தப் போரில் என் மனத்தை மிகவும் அறுக்கும் காட்சி இதுதான். சைலீசியா என்ற பெயரை அந்த 1,400 பேரில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

புத்தாண்டை ஒட்டி அடித்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின, முற்றுகை தளரும் என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. சில நாளிலேயே வேறு கப்பல்கள் வந்துவிட்டன. 1761 ஜனவரி 16இல் நகரம் கைமாறியது. 25 வருடம் புதுச்சேரியின் நடப்பைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே ஜனவரியில்தான்.

ஸ்பெயின் ஏன் கடைசியில் வந்து சேர்ந்தது?

பிரான்ஸை ஆண்டதும் ஸ்பெயினை ஆண்டதும் ஒரே பூர்போன் குடும்பம். 1761இல் குடும்ப ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஜனவரியில் போரில் இறங்கிய ஸ்பெயின், அந்த ஆகஸ்டில் ஹவானாவையும் அக்டோபரில் மணிலாவையும் இழந்தது. மணிலாவைப் பிடித்த படை கப்பலேறியது மெட்ராஸில். நம் பக்கத்துச் சிப்பாய்களும் அதில் போனார்கள்.

ரஷ்யா திடீரென்று அணி மாறியது உண்மையா?

உண்மை. 1762 ஜனவரி 5இல் பேரரசி எலிசபெத் இறந்தார். பட்டத்துக்கு வந்த மூன்றாம் பீட்டர், ஃபிரெடரிக்கைக் கடவுளாக நினைப்பவர். பிடித்த இடங்களை எல்லாம் சும்மாவே திருப்பிக் கொடுத்தார், படையையும் உதவிக்கு அனுப்பினார். ஜூலையில் அவர் மனைவி காத்தரீன் அவரைக் கவிழ்த்துவிட்டுப் படையைத் திரும்ப அழைத்தார். ஓலை வந்தபோது ஃபிரெடரிக் ரஷ்யத் தளபதியிடம் ஒரே உதவி கேட்டார்: சண்டை போடவேண்டாம், மூன்று நாள் மட்டும் முகாமைக் கலைக்காமல் இருங்கள். ரஷ்யர் நிற்பதைப் பார்த்து ஆஸ்திரியர் அந்தப் பக்கம் ஒரு படையை ஒதுக்க, பர்கர்ஸ்டார்ஃபில் ஃபிரெடரிக் வென்றார்.

கடைசியில் யாருக்கு என்ன கிடைத்தது?

1763 பிப்ரவரி 10இல் பாரிஸ் உடன்படிக்கை, 15இல் ஹூபர்ட்டஸ்பர்க் உடன்படிக்கை. பிரிட்டனுக்குக் கனடாவும் ஃபுளோரிடாவும். பிரான்ஸ் சர்க்கரைத் தீவுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது, பனி மூடிய கனடாவைவிட அவை லாபம் என்று அன்று பலர் நினைத்தார்கள். பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவில் முகமது அலியை ஆற்காடு நவாபாக இரு நாடும் ஏற்கின்றன என்று எழுதியிருக்கிறது. நம் நாட்டை ஆளுபவர் யார் என்று பாரிஸில் மை தொட்டு எழுதினார்கள்.

ஐரோப்பாவில்? எல்லைகள் போருக்கு முன் இருந்தபடியே. சைலீசியா ஃபிரெடரிக்கிடமே. செத்தவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு.

பிரிட்டனின் கடன் சுமார் 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடிக்கு மேல் ஏறியது. அந்தச் சுமையில், அமெரிக்காவில் நிறுத்தியிருந்த படையின் செலவைச் சமாளிக்க அங்குள்ள குடியேற்றங்களின் மேல் 1765இல் முத்திரைத்தாள் வரி போட்டார்கள். அந்த எதிர்ப்பு வளர்ந்து எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்ததே. பிரெஞ்சுப்படையோடு மோதிய வாஷிங்டன், அடுத்த போரில் பிரெஞ்சுப்படையின் துணையோடு பிரிட்டனை வென்றார்.

லாலி என்ன ஆனார்?

கைதியாக இங்கிலாந்து போனவர், தன் மேலான பழியைத் துடைக்க விரும்பிப் பாரிஸுக்குத் தானே திரும்பினார். துரோகி என்று தீர்ப்பளித்து, 1766 மே 9இல் வாயில் துணி அடைத்துத் தலையை வெட்டினார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அவருக்காகப் போராடினார், 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அவர் கொடூரங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் தோற்ற போருக்கு ஒரே ஆளின் தலையை எடுத்தது அநியாயம்.

இப்போது போய்ப் பார்க்க ஏதாவது மிச்சமிருக்கிறதா?

வந்தவாசியில் கோட்டையின் சிதைந்த பகுதிகள் இருக்கின்றன. கடலூரில் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆறு கடலில் சேரும் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடு. அதை லாலி இடித்ததற்குப் பழிவாங்க, ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்ததும் கோட்டையையும் கட்டடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரான்ஸ் கையில் திரும்பக் கிடைத்தது வெறும் கல்லும் மண்ணும். ஆகவே கடற்கரைச் சாலைப் பக்கம் நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர் வீடுகள் இந்தப் போரைப் பார்த்தவை இல்லை. இடிபாட்டை அள்ளிவிட்டு அப்புறம் எழுப்பியவை.